தலைக்காயத்துக்குப் பின்னர் இணைய மூளை விளையாட்டுகள்: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: உப்புவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 27. கடந்த ஆண்டின் இறுதியில் நிலாவெளி வீதியால் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, வீதியின் குறுக்கே நின்ற மாட்டில் மோதி விழுந்தான். தலைக்கவசம் அணிந்திருந்தான்; பட்டியைப் பூட்டவில்லை. திருகோணமலையிலிருந்து அன்றிரவே கொழும்புக்கு மாற்றினார்கள். மூளையின் முன்பகுதியில் கன்றலும் சிறிய இரத்தக்கசிவும் இருப்பதாகவும், காயம் நடுத்தர வகையைச் சேர்ந்தது என்றும் சொன்னார்கள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. இப்போது நடக்கிறான், பேசுகிறான், தானாகவே சாப்பிடுகிறான். பார்க்க வருபவர்கள் "பிள்ளைக்கு ஒன்றுமில்லையே, கோணேசர் காப்பாற்றிவிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் இருக்கும் எங்களுக்குத்தான் உண்மை தெரியும். நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் பொருள் எடுத்துக் கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதும் வேலையில் இருந்தான். அரை நாள் வந்து பார்க்கட்டும் என்று முதலாளி பெரிய மனதுடன் சொல்லியிருந்தார். அரை அங்குலக் குழாய் நான்கு, எல்போ ஆறு, பசை ஒரு டின் என்று ஒருவர் கேட்டால், தம்பி உள்ளே போய்க் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறான். எல்போ எங்கே என்றால், "நீங்கள் அதைக் கேட்கவே இல்லை" என்று வாடிக்கையாளருடன் வாக்குவாதப்படுகிறான். பத்து மணியாகும்போது முகம் வெளிறித் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறான். அதனால் இப்போதைக்கு வேலைக்கு அனுப்பவில்லை.

கனடாவில் இருக்கும் எங்கள் சின்னம்மாவின் மகன், மூளைப் பயிற்சி விளையாட்டுச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டித் தம்பியின் கைத்தொலைபேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறான். கட்டங்களில் ஒளிரும் இடங்களை நினைவில் வைத்துத் தொடுவது, ஒரே மாதிரியான படங்களைச் சேர்ப்பது, பறக்கும் பறவைகளுக்கு நடுவில் வேறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று பலவகை இருக்கின்றன. தம்பி காலையில் தொடங்கினால் மதியம் வரை அதே வேலைதான். புள்ளிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால் அம்மா கடைக்கு அனுப்பினால் மூன்று பொருளில் ஒன்றுடன்தான் வருகிறான். பிள்ளை சும்மா படுத்திருக்காமல் ஏதோ செய்கிறானே என்று அம்மாவுக்கு நிம்மதி. தலைவலியும் எரிச்சலும் கூடுகின்றன, பிடுங்கி வைத்துவிடு என்று அப்பா சொல்கிறார். நடுவில் நான்.

இந்த விளையாட்டுகள் உண்மையாகவே மூளைக்காயத்துக்கு உதவுமா? உதவுமென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பொருத்தமானது? இல்லையென்றால் வீட்டிலிருந்தே நாங்கள் வேறு என்ன செய்யலாம்? கொழும்புக் கிளினிக்குக்கு அடிக்கடி போய்வர வசதியில்லை.

பதில்: தொழில்வழிச் சிகிச்சையாளர், கிழக்கு மாகாணம்

சகோதரி, நோயாலோ காயத்தாலோ பாதிக்கப்பட்டவர்கள் அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குவதே எங்கள் சிகிச்சை. உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. கைத்தொலைபேசியில் புள்ளி ஏறுகிறது, கடையில் எல்போ மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடைவெளியைப் பற்றித்தான் ஆய்வாளர்கள் நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டிலும் அதற்கு மிக நெருக்கமான வேறு விளையாட்டுகளிலும் திறமை கூடும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் திறமை வாழ்க்கையின் வேறு வேலைகளுக்குக் கடந்து செல்கிறதா என்பதில்தான் சிக்கல். 2010 ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் பிரித்தானியாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 11,430 பேர் ஆறு வாரங்கள் இணையத்தில் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த பணிகள் எல்லாவற்றிலும் முன்னேற்றம் இருந்தது. பயிற்சி செய்யாத பணிகளுக்கு, அவை ஒத்த வகையைச் சேர்ந்தவையாக இருந்தபோதிலும், அந்த முன்னேற்றம் கடந்து செல்லவில்லை. அவர்கள் தலைக்காயம் பட்டவர்கள் அல்லர், பொதுமக்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைக்காயம் பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் உண்டு. 2021 ஆம் ஆண்டு பிரெய்ன் ஆய்விதழில் வெளியான ஒன்றில், இலேசான மூளைக்காயத்துக்குப் பின்னர் நீண்ட காலம் மறதியாலும் கவனக்குறைவாலும் வருந்திய அமெரிக்கப் படைத்துறையினர் 83 பேர் பங்குபற்றினார்கள். ஒரு சாரார் பிரெய்ன்எச்கியூ என்ற பயிற்சித் தொகுப்பையும் மற்றவர்கள் சாதாரணக் கணினி விளையாட்டுகளையும் பல வாரங்கள் செய்தார்கள். பயிற்சித் தொகுப்பைச் செய்தவர்கள் நினைவு, கவனம் போன்ற அறிதிறன் பரிசோதனைகளில் கூடுதலாக முன்னேறினார்கள். ஆகவே "எல்லாம் வெறும் ஏமாற்று" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் தொகுப்பைத் தயாரித்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களுக்கும் பங்கிருந்தது; பயிற்சி கண்காணிப்புடன் நடந்தது; காயம் இலேசானது. உங்கள் தம்பியின் நிலை வேறு.

மருத்துவ வழிகாட்டிகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பது உங்களுக்குக் கூடுதலாக உதவும். அமெரிக்காவில் கீத் சிசெரோன் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து வருகிறது. சிகிச்சையாளரின் பங்களிப்பே இல்லாமல் கணினிப் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பதை அக்குழு பரிந்துரைக்கவில்லை. சிகிச்சையாளர் வழிநடத்தும் பயிற்சிக்குத் துணையாக அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. இன்கொக் என்ற சர்வதேச வழிகாட்டியும் அன்றாட வாழ்வுடன் தொடர்பற்ற கணினிக் கவனப் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஏற்கவில்லை. கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதைச் சிகிச்சையாகக் கருத முடியாது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காலை முதல் மதியம் வரை ஆடுவது மிக அதிகம், இதில் அப்பா சொல்வதே சரி. மூளைக்காயத்துக்குப் பின்னர் வரும் களைப்பு சோம்பலன்று. முன்பு தானாக நடந்த வேலைகளுக்கும் இப்போது மூளை கூடுதலாக முயல வேண்டியிருப்பதால் வருவது. ஒரு நாளில் தெளிவாக இருக்கக்கூடிய நேரம் அவருக்குக் குறைவு. அந்தத் தெளிவு முழுவதையும் பறவைகளைத் தொடுவதில் செலவிட்டால், கடைக்குப் போவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே விளையாட்டை இருபது நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். தலைவலி வந்த பின்னர் நிறுத்துவதால் பயனில்லை, வருவதற்கு முன்னரே நிறுத்த வேண்டும். அன்றைய நாளின் முக்கியமான வேலையை முதலில் செய்துவிட்டு விளையாட்டைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னும் நல்லது.

அந்த முக்கியமான வேலை எது? என் அனுபவத்தில், அவர் திரும்பிச் செல்ல விரும்பும் வேலையின் ஒரு துண்டுதான் மிகச் சிறந்த பயிற்சி. வீட்டு மேசையில் குழாய்த் துண்டு, எல்போ, ஆணி, திருகாணி என்று நாலைந்து பெட்டிகளில் பொருட்களை வைத்துக் கடையைப் போல ஒழுங்குபடுத்துங்கள். நீங்கள் வாடிக்கையாளராக நின்று இரண்டு பொருட்களை மட்டும் கேளுங்கள். கேட்டவுடன் அவர் ஓடக்கூடாது. முதலில் உங்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டும், பின்னர் சிறு சீட்டில் எழுத வேண்டும், எடுத்த ஒவ்வொன்றுக்கும் சீட்டில் சரி அடையாளம் போட வேண்டும், அதன்பிறகே திரும்பி வரவேண்டும். இந்த ஒழுங்கு ஒருபோதும் மாறக்கூடாது. தொடக்கத்தில் பிழை விடுவதற்கே இடம் கொடுக்காதீர்கள். மறந்து நிற்கும்போது "யோசித்துப் பார்" என்று வற்புறுத்தாமல் சீட்டைப் பார்க்கும்படி சொல்லுங்கள். நினைவு மிகப் பலவீனமாக இருப்பவர்கள், ஊகித்துச் சொல்லும் பிழையையே சரியானது என்று பதித்துக்கொள்வார்கள். பிழையில்லாமல் கற்பித்தல் என்ற முறை இதனால்தான் உருவானது. இரண்டு பொருள் பழகிய பின்னர் மூன்று, அதன்பின் நடுவில் யாராவது பேச்சுக் கொடுப்பது, வானொலி பாடிக்கொண்டிருப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடையின் இரைச்சலை உள்ளே கொண்டுவாருங்கள்.

எழுதி வைத்துக்கொண்டால் மூளை சோம்பிவிடும் என்று பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. இந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை. 2001 ஆம் ஆண்டு பாபரா வில்சன் குழுவினர் இங்கிலாந்தில் நினைவும் திட்டமிடலும் பாதிக்கப்பட்ட 143 பேருக்குப் பேஜர் (செய்தி வந்தால் ஒலித்துக் காட்டும் சிறு கருவி) கொடுத்து, செய்ய வேண்டிய வேலைகளை உரிய நேரத்தில் நினைவூட்டினார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாத்திரை எடுப்பது, குறித்த நேரத்துக்குப் புறப்படுவது போன்ற அன்றாட வேலைகளில் தெளிவாக முன்னேறினார்கள். இன்று அந்தப் பேஜர் உங்கள் தம்பியின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசியில் மூளைக்காயத்துக்கு மிகவும் பயனுள்ள செயலி எது என்று என்னைக் கேட்டால், அலாரம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, இதை வாசிக்கும் வேறு குடும்பங்களுக்காக: அடிபட்ட புதிதில் திரையே வேண்டாம். மூளை அதிர்வுக்குப் பின்னர் முதல் 48 மணிநேரம் திரையைத் தவிர்த்தவர்களுக்குச் சராசரியாக மூன்றரை நாளிலும், தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாளிலும் அறிகுறிகள் தணிந்ததாக, 12 முதல் 25 வயது வரையான 125 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2021 இல் காட்டியது. பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று கட்டிலிலேயே கைத்தொலைபேசியைக் கொடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

பதில்: கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

சகோதரிக்கு என் ஸலாம். நான் சிகிச்சையாளர் அல்லன், தலையில் அடிபட்டுத் தேறியவன். முச்சக்கர வண்டி கவிழ்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று மீண்டும் பாடசாலை அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் விளையாட்டின் இன்னொரு பக்கத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் என்னைப் பார்த்த எல்லோருடைய முகத்திலும் இரக்கம் இருந்தது. என் மனைவி நான் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதைக்கூடக் கவனித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிறிய திரையில் மட்டும் யாரும் என்னை நோயாளியாகப் பார்க்கவில்லை. தோற்றால் தோல்வி, வென்றால் வெற்றி. காயத்துக்குப் பின்னர் மனம் உடைந்து மூலையில் படுத்துவிடுபவர்களுக்கு இது சிறிய விடயமன்று. தம்பியிடமிருந்து அதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

புள்ளியை நான் வேறு காரியத்துக்கும் பயன்படுத்தினேன். களைப்பு வந்திருப்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது யாரையாவது திட்டி முடித்திருப்பேன். ஆனால் ஒரே விளையாட்டைத் தினமும் ஆடியதால், எனக்குத் தெரிவதற்கு முன்னரே புள்ளி சரியத் தொடங்குவதைக் கண்டேன். இரவில் உறக்கம் கெட்ட நாளிலும் வெயிலில் அலைந்த நாளிலும் நோன்பு நாளின் பிற்பகலிலும் என் வேகம் குறைந்திருக்கும். அப்படிச் சரிந்த நாளில் முக்கியமான எதையும் செய்வதில்லை, யாருடனும் கணக்கு வழக்குப் பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் ஆடினாலே அந்த நாள் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். முன்னேற்றத்தை அளக்க அது உதவாமல் போகலாம். களைப்பை அளக்க எனக்கு உதவியது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் தம்பியின் புள்ளி குறைவாக இருந்தால், அது அவருடைய நினைவைப் பற்றியதா ஆங்கிலத்தைப் பற்றியதா என்று யாராலும் பிரிக்க முடியாது. படம், இடம், எண் சார்ந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல் சார்ந்தவற்றை நீக்கிவிடுங்கள். சொற்களுக்கு நம்முடைய பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போதும்.

நினைவுக் குறிப்பேடு எனக்கும் தந்தார்கள். குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துவிடும் என்பதுதான் அதில் இருந்த சங்கடம். ஐந்து நேரத் தொழுகைக்கு அழைப்பு ஒலிப்பதால், பாங்கு கேட்டவுடன் குறிப்பேட்டைத் திறப்பது என்று பழகினேன். முதலில் மனைவி கையில் எடுத்துத் தருவார், பிறகு மேசையில் கண்ணுக்கு முன்னால் வைப்பார், பிறகு நானே தேடத் தொடங்கினேன். உங்கள் வீட்டில் கோவில் மணியோ செய்தி நேரமோ எதுவாக இருந்தாலும் சரி, ஏற்கெனவே நாளைப் பிரித்துத் தரும் ஓர் ஒலியுடன் அதைக் கட்டிவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஓர்ஸ் ஹில்

மகள், கனடாத் தம்பி நல்ல மனதுடன் செய்திருக்கிறார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வியாபாரத்தின் வரலாற்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் மிகப் பிரபலமான லுமோசிட்டி செயலியை நடத்திய நிறுவனம் 2016 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. பாடசாலையிலும் தொழிலிலும் திறமை கூடும், முதுமை மறதி தள்ளிப்போகும், பக்கவாதம், மூளைக்காயம் போன்றவற்றால் வரும் அறிதிறன் குறைபாடு தணியும் என்றெல்லாம் போதிய சான்றில்லாமல் விளம்பரம் செய்தது என்பதே குற்றச்சாட்டு. வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடினால் போதுமாம்! இணையத்தளத்தில் போட்டிருந்த பயனாளர்களின் பாராட்டுகளில் சில, பரிசுப் போட்டி வைத்துத் திரட்டப்பட்டவை என்பதையும் நிறுவனம் வெளிப்படுத்தவில்லை என்று ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. ஆகவே செயலியின் உள்ளே இருக்கும் நட்சத்திரங்களையும் பாராட்டு மழையையும் பார்த்து மயங்க வேண்டாம். நாற்பது வருடம் வினாத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: வினாத்தாளைத் தயாரித்தவரே விடையைத் திருத்திச் சான்றிதழையும் விற்றால், அந்தப் புள்ளிக்குப் பெறுமதி குறைவு.

கிண்ணியாத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. செயலியை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? என் பரிந்துரை 304 என்ற கடதாசி (சீட்டு) ஆட்டம். சிரிக்க வேண்டாம். நான்கு பேர், எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு எட்டுக் கடதாசி. முதல் நான்கு கடதாசியைப் பார்த்தவுடனேயே கேள்வி கேட்க வேண்டும் (எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூற வேண்டும்); அதாவது அரைகுறைத் தகவலை வைத்துத் திட்டமிட வேண்டும். துரும்பு (மற்ற இனங்களை வெல்லும் இனத்தைக் காட்டும் கடதாசி) மேசையில் கவிழ்ந்து கிடக்கும். முப்பது புள்ளியுள்ள ஜாக்கும் இருபது புள்ளியுள்ள ஒன்பதும் எத்தனை இறங்கிவிட்டன என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓரினத்தில் 76 புள்ளி, நான்கினத்துக்கும் சேர்த்து 304 என்பதால் மனக்கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், கூட்டாளி பிழை விட்டால் கோபத்தை அடக்க வேண்டும். தம்பி வாடிக்கையாளருடன் வாக்குவாதப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, திரையில் பறக்கும் பறவையுடன் எவராலும் வாக்குவாதப்படப் பழக முடியாது, விட்டுக்கொடுக்கவும் பழக முடியாது.

எங்கள் பக்கத்தில் மாலையில் மேசை போட்டு ஆடும் பழசுகள் இன்னும் இருக்கிறோம். சந்தா கிடையாது, டேட்டாவும் போகாது. தேநீர்ச் செலவு மட்டும்.

பதில்: தொழில்வழிச் சிகிச்சையாளர், கிழக்கு மாகாணம்

கிண்ணியா வாசகர் புள்ளியைக் களைப்பின் அளவுகோலாகப் பயன்படுத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; அந்த ஐந்து நிமிடத்தை நான் மறுக்கவில்லை. ஆசிரியர் ஐயாவின் 304 பற்றி ஒரேயொரு திருத்தம். நான்கு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு ஆடும் மேசை, காயம் ஆறிவரும் மூளைக்கு முதல் நாளிலேயே தாங்க முடியாத இரைச்சலாக இருக்கும். வீட்டில் அப்பாவுடன் இருவராக, எளிய கடதாசி விளையாட்டொன்றில் தொடங்குங்கள். பின்னர் 304 மேசையில் ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும். அதன்பின் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எழுந்துவிடட்டும். பந்தயம் வைத்து ஆடுவது வேண்டாம். முன்மூளையில் காயம் பட்டவர்களுக்கு நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினம். இணையத்தில் காசு கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும், அந்தப் பக்கம் அவர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: உப்புவெளி வாசகி

எல்லோருக்கும் நன்றி. மேசையில் கடை வைத்துப் பார்த்தோம். முதலில் "நான் சின்னப் பிள்ளையா?" என்று கோபித்தான். அப்பா தனக்கு உண்மையாகவே பொருத்த வேண்டிய குழாய்க்கான பொருட்களைக் கேட்டவுடன் எழுந்து வந்தான். சீட்டில் எழுதினால் சரியாக எடுக்கிறான், எழுதாவிட்டால் தவறுகிறான். அந்த வேறுபாடு எங்களுக்கே வியப்பாக இருந்தது.

இப்போது வேறு சிக்கல். அந்தச் செயலியில் வேகத்துக்கான விளையாட்டொன்று அவனுக்கு மிக நல்ல தரவரிசையைக் காட்டுகிறது. அதை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்கள், என் மூளை சரியாகிவிட்டது, மோட்டார் சைக்கிள் சாவியைத் தாருங்கள்" என்கிறான். மறுத்தால் வீடு அதிர்கிறது. அவனுக்குக் குறைபாடு இருக்கிறது என்பதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தொழில்வழிச் சிகிச்சையாளர், கிழக்கு மாகாணம்

சாவியைக் கொடுக்க வேண்டாம். ஒரு விரலால் திரையைத் தொடும் வேகத்துக்கும், இரவு வெளிச்சத்தில் மாட்டையும் எதிரே வரும் பேருந்தையும் ஒரே நேரத்தில் கவனித்துப் பிரேக் பிடிப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. நடுத்தர, கடுமையான தலைக்காயங்களுக்குப் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுதலாக இருக்கிறது. அது மாதங்கள் கடந்தும் வரலாம். வாகனம் ஓட்டுவதற்கு எப்போது திரும்பலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை முடிவு உங்களுடையது அன்று, மருத்துவருடையது என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள். அக்காவுடன் சண்டை பிடிப்பதற்கான காரணம் பாதி குறைந்துவிடும். வலிப்புத் தடுப்பு மாத்திரை எடுக்கிறார் என்றால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று இடையில் நிறுத்தவே கூடாது. மதுவும் கூடாது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் வீட்டிலுள்ளவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மூளையின் முன்பகுதி காயப்படும்போது, தன் குறைபாட்டைத் தானே அறியும் திறனும் சேர்ந்தே காயப்படுவதுண்டு. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாத ஒருவரிடம் "நீ மறந்தாய், நீ கத்தினாய்" என்று பட்டியல் வாசித்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் முயல்வார்.

இதற்கு நாங்கள் செய்வது, முன்கூட்டியே சொல்லவைத்துப் பின்னர் ஒப்பிடுவது. மேசைக் கடையில் பயிற்சி தொடங்குமுன், "ஐந்து பொருள் கேட்கப் போகிறேன், எழுதாமல் எத்தனை சரியாக எடுப்பாய்?" என்று கேட்டு அவர் சொல்லும் எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்து என்றுதான் எழுதுவார். எடுத்து முடிந்ததும் அவரே எண்ணிப் பக்கத்தில் எழுதட்டும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், புன்னகைக்கவும் வேண்டாம். அதன்பின் சீட்டு முறையுடன் ஒரு தடவை செய்து அந்த எண்ணையும் எழுதட்டும். நாளடைவில் முதல் எண் தானாகக் கீழே இறங்கி உண்மைக்குக் கிட்ட வரும். அந்த இறக்கமே முன்னேற்றம். குடும்பத்தினர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு கவலைப்படுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

விளையாட்டையும் இதே முறைக்குள் கொண்டுவரலாம். இன்று எவ்வளவு புள்ளி எடுப்பேன், எந்த இடத்தில் பிழை விடுவேன் என்று ஆடுமுன் சொல்லட்டும். ஆடியபின் எந்த உத்தியால் நினைவில் வைத்தேன் என்று உங்களிடம் விளக்கட்டும்: மனதுக்குள் சொல்லிப் பார்த்தாரா, இரண்டிரண்டாகச் சேர்த்தாரா, அவசரப்பட்டாரா. அதே உத்தியை அன்று கடைக்குப் போகும்போது எங்கே பயன்படுத்தலாம் என்ற கேள்வியுடன் முடித்துவிடுங்கள். ஆய்வுகள் வலியுறுத்தும் சிகிச்சையாளரின் பங்கு பெரும்பாலும் இந்தப் பேச்சுத்தான். அருகில் அமர்ந்து பேச ஒருவர் இருந்தால் அந்த இருபது நிமிடத்துக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. இல்லாவிட்டால் அது பொழுதுபோக்கு, பொழுதுபோக்கு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது செயலியின் புள்ளிகளைக் காட்ட வேண்டாம். முன்கூட்டிச் சொன்ன எண்ணையும் உண்மையில் எடுத்த எண்ணையும் குறித்த கொப்பியையும், எந்த நேரத்தில் தலைவலி வருகிறது, எவ்வளவு நேரம் உறங்குகிறார், எப்போது கோபம் வெடிக்கிறது என்ற குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். அங்கே கிடைக்கும் சில நிமிடங்களில் மருத்துவருக்கு உதவக்கூடியது அதுதான். தொழில்வழிச் சிகிச்சைக்கு அருகில் எங்கே செல்லலாம் என்று அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காயத்துக்குப் பின்னரான முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பின் மெதுவாகும், நின்றுவிடாது. ஆறு மாதம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: உப்புவெளி வாசகி

மிக்க நன்றி. எண் எழுதும் முறையை நாளையே தொடங்குகிறோம். ஒரு சிறு சந்தேகம் மட்டும்: ஆண்டு முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று சொல்கிறார்கள். செயலியை அழித்துவிட்டால் போதுமா?

பதில்: கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

போதாது. செயலியை அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டப்பட்டதோ அந்தக் கணக்கின் சந்தாப் பகுதிக்குள் சென்று நிறுத்த வேண்டும். ஆகவே கனடாவிலிருக்கும் தம்பிதான் அதைச் செய்ய வேண்டியிருக்கும். இப்போதே நிறுத்தினாலும், கட்டிய காலம் முடியும்வரை பெரும்பாலும் ஆட முடியும். அடுத்த ஆண்டுக்கான பணத்தை அவர் அனுப்ப விரும்பினால், அதைக் கிளினிக்குப் பயணச் செலவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.